போலி ஆன்டிவைரஸ் வந்துவிட்டதா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

திரையில் திடீரென்று சிவப்புக் கேடயம் ஒன்று வந்து, உங்கள் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் வைரஸ் இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று மிரட்டினால் பணம் கட்டாதீர்கள். அதில் போட்டிருக்கும் நம்பருக்குப் பேசவும் வேண்டாம். அப்புறம், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ பஸ் ஏறவும் வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இது வந்ததுமே கடையில் கொடுத்து ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள், பேரன் பேத்தி ஃபோட்டோ, தோட்டத்துக் கணக்கு, ஃபேக்டரிக்குத் தேயிலை போட்ட ரசீது ஸ்கேன் பண்ணி வைத்தது என்று எல்லாம் அதோடு போய்விடுகிறது. பெரும்பாலான நேரம் அதற்குத் தேவையே இருக்காது.

ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும் இந்த மிரட்டல் மூன்று வகையாக வரும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரிந்துகொள்ளாமல் கை வைப்பதுதான் ஆபத்து.

முதல் வகை வெறும் வலைப்பக்கம். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சைரன் சத்தம் போட்டு, மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு ஃபோன் நம்பரும் காட்டும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் இருக்கவே இருக்காது, அதை அந்த நிறுவனமே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. மூலையில் தெரியும் பெருக்கல் குறியையும் அழுத்தாதீர்கள், பாதி நேரம் அது படத்தில் வரைந்ததுதான், அழுத்தினால் அவர்களுக்குச் சாதகமான ஒரு கிளிக். எஸ்கேப் பட்டனைச் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், டேபை மூடிவிடலாம். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். வேலை முடிந்தது. கம்ப்யூட்டருக்குள் எதுவும் இறங்கவில்லை.

இரண்டாவது வகைதான் இப்போது எங்கும் பரவலாக இருக்கிறது, இதற்குத்தான் நிறையப் பேர் வீணாகப் பயப்படுகிறார்கள். திரையின் வலது கீழ் மூலையில் சின்னப் பெட்டி, கொஞ்ச நேரத்துக்கு ஒன்று. எங்கள் தெருவில் ஹோம்ஸ்டே நடத்தும் மாமா ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, ஆன்டிவைரஸ் சந்தா முடிஞ்சு போச்சாம், இன்னிக்கே கட்டலைன்னா எல்லா ஃபைலும் அழிஞ்சிடுமாம்" என்றார். "நீங்க ஆன்டிவைரஸ் வாங்கவே இல்லையே மாமா" என்றேன். "அதான் எனக்கும் புரியல" என்றார். போய்ப் பார்த்தால் பெட்டியில் பிரபல கம்பெனியின் லோகோ பளிச்சென்று இருக்கிறது, அதற்குக் கீழே பொடி எழுத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு வலைத்தள முகவரி, பக்கத்தில் குரோம் என்று பிரவுசரின் பெயர். அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள், அதுதான் சாட்சி. அனுப்புவது ஆன்டிவைரஸ் இல்லை, நீங்கள் எப்போதோ 'அலவ்' கொடுத்த ஏதோ ஒரு தளம். 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்தவும்' என்று கேட்டிருக்கும், அவசரத்தில் அழுத்தியிருப்பீர்கள்.

எடுப்பது சுலபம். குரோமில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிபிகேஷன்ஸ்'. அங்கே அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் அத்தனையையும் நீக்குங்கள். அதே பக்கத்தில் இனிமேல் எந்தத் தளமும் நோட்டிபிகேஷன் கேட்கவே கூடாது என்று வைக்கவும் வழி இருக்கிறது, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதுவே நல்லது. எட்ஜிலும் செட்டிங்ஸில் சைட் பெர்மிஷன்ஸுக்குள் இதே பட்டியல் உண்டு.

இதெல்லாம் செய்தும் போகவில்லை, பிரவுசரையே திறக்காதபோதும் ஒரு ஜன்னல் தானாக வந்து 'ஸ்கேன்' ஓட்டுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடவில்லை, விண்டோஸின் சொந்த டிஃபெண்டரை அணைத்து வைத்திருக்கிறது என்றால் அது மூன்றாவது வகை, உண்மையிலேயே உள்ளே இறங்கிய போலி மென்பொருள். கண்டுபிடித்த வைரஸை நீக்கப் பணம் கேட்கும், கட்டினாலும் எதையும் நீக்காது, ஏனென்றால் நீக்க அங்கே எதுவும் இல்லை. இது பழைய வியாபாரம். வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் இப்படி விற்ற கும்பல் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008இல் வழக்குப் போட்டது, ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், 2012இல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2011இல் மேக் கம்ப்யூட்டருக்கும் மேக் டிஃபெண்டர் என்று ஒன்று வந்தது, அதனால் ஆப்பிள்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

சரி, எடுக்கும் வழி. முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், ரவுட்டரை அணைத்தாலே போதும். முக்கியமான ஃபோட்டோ, ஆவணங்களை மட்டும் ஒரு வெளி டிஸ்கில் நகல் எடுங்கள், கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த இன்ஸ்டாலர் ஃபைலையும் (புரோகிராம் நிறுவும் ஃபைல்) எடுக்காதீர்கள். விண்டோஸ் 11 என்றால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஃபோன் வழியாகப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், அடுத்துச் சொல்லும் சேஃப் மோடுக்குப் போகும்போது கேட்டாலும் கேட்கும், அப்போது தேடினால் கை ஓடாது.

அப்புறம் ஷிப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸ்' என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண் போட்ட பட்டியல் ஒன்று வரும், அதில் 5 அழுத்துங்கள், நெட்வொர்க்கோடு சேஃப் மோட். இதில் விண்டோஸ் தனக்குத் தேவையானதை மட்டும் ஏற்றிக்கொள்ளும், போலி ஆள் பெரும்பாலும் எழுந்திருக்கவே மாட்டான். இப்போது நிறுவிய புரோகிராம்களின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள், தொல்லை ஆரம்பித்த நாளில் வந்து உட்கார்ந்தவற்றை நீக்குங்கள். தெரியாத பெயர் என்பதற்காகப் பிரின்டர், சவுண்டு டிரைவரையெல்லாம் நீக்கிவிடாதீர்கள், சந்தேகம் வந்தால் அந்தப் பெயரை ஃபோனில் தேடிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் பகுதியையும் பாருங்கள், அங்கே தெரியாதது இருந்தால் 'டிஸேபிள்'.

அடுத்து ரவுட்டரைப் போட்டு, மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் நீக்கும் மென்பொருளின் இலவசப் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள், தேடலில் மேலே வரும் விளம்பரத்திலிருந்து இறக்கவே கூடாது. தளமே திறக்கவில்லை என்றால் போலி ஆள் ப்ராக்ஸியை, அதாவது நெட் போகும் இடைவழியை, மாற்றி வைத்திருக்கலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க், ப்ராக்ஸி என்று போய் 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் வைரஸ் போன பிறகும் நெட் வேலை செய்யவில்லை என்று மறுபடி கடைக்கு ஓடுகிறார்கள். அப்படியும் முடியாவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். முழு ஸ்கேன் ஓட்டி, வந்ததையெல்லாம் குவாரன்டைனுக்கு (தனியே பூட்டி வைக்கும் இடம்) அனுப்பி, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து, இன்னொரு தடவை ஓட்டுங்கள். அதே கம்பெனியின் ஆட்கிளீனரையும் ஒரு தடவை ஓட்டினால் பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பை போகும். பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகளான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் கையால் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போனால் கடைசியில் இருக்கும். கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும், சுமார் 15 நிமிடம். ஒளிந்து உட்கார்ந்திருப்பதையும் இது பிடிக்கும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள். நம் ஊரில் ஜூன், ஜூலையில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் மழை நாளில் இதை ஆரம்பிக்க வேண்டாம், லேப்டாப் என்றால் முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஏற்கெனவே கார்டு நம்பர் கொடுத்துவிட்டீர்கள், அல்லது ஃபோனில் பேசியவன் சொன்னபடி எனிடெஸ்க் போல, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் ஒன்றை நிறுவி அவனை உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் வரிசை மாறும். நெட்டைத் துண்டித்துவிட்டு முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்குங்கள், உடனே 1930க்குப் பேசுங்கள், அது சைபர் நிதி மோசடிக்கான அரசு உதவி எண், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. பாஸ்வேர்டுகளை ஃபோனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அல்ல. வீட்டில் பெரியவர்கள் இப்படி ஏமாந்திருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தால் அந்த நேரம்தான் திருடனுக்கு லாபம்.

திரும்ப வராமல் இருக்க நான் எல்லோரையும் செய்யச் சொல்வது முதலில் ஒன்றுதான்: தினமும் பயன்படுத்தும் கணக்கை 'ஸ்டாண்டர்ட்' கணக்காக மாற்றுங்கள், அட்மின் பாஸ்வேர்டு விவரம் தெரிந்த ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அப்புறம் பெரும்பாலான புரோகிராம்களை நிறுவ முயன்றால் விண்டோஸ் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும், அம்மா உங்களுக்கு ஃபோன் போடுவார், பாதி வைரஸ் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்', 'ரெப்யூட்டேஷன்' என்று தொடங்கும் பகுதியில் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறது, அதையும் போட்டு வையுங்கள். டிஃபெண்டர் போதும், ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, இன்னும் அதிலேயே இருப்பவர்கள் மாறப் பாருங்கள்.

உள்ளே வரும் வழிகளும் ஊருக்குத் தெரிந்தவைதான். திருட்டு ஆபீஸ், புதுப்பட டவுன்லோடு, பிரின்டர் டிரைவர் தேடும்போது வரும் போலித் தளங்கள், இலவசத் தமிழ் டைப்பிங் என்று கண்ட இடத்தில் இறக்குவது. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து விருந்தினர்களுக்காக ஹோம்ஸ்டேக்காரர்கள் அதைத் தேடித் திறக்கிறார்கள், தேடாதீர்கள், அரசு முகவரியைப் புக்மார்க்கில் போட்டு அதிலிருந்து மட்டும் திறங்கள், அதற்குக் கட்டணமும் கிடையாது. ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டு போகாமல் ஃபைலை மெயிலில் அனுப்புங்கள்.

இவ்வளவு செய்தும் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால், நகல் எடுத்த டிஸ்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஃபார்மட் அடிக்கும் முன் என்னைக் கேளுங்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், திருட்டு விண்டோஸ் போட வேண்டாம் என்றும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.