கை வலுவுக்குக் காலை உணவுத் தட்டைப் பாருங்கள்

மெரினாவில் தினமும் நடப்பவர்கள்கூட, மளிகைப் பையைத் தூக்கினால் கை தளர்கிறது என்கிறார்கள். நடை நல்லதுதான், தட்டையும் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டும்போது தசை மெல்லக் குறைகிறது. நான்கு இட்லியும் சட்னியும் வயிற்றை நிரப்பும், ஆனால் தசைக்கு வேண்டிய புரதத்தைத் தராது. ஒரு இட்லியைக் குறைத்து ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ சேருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும்; அதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. காசிமேட்டு நெத்திலி கிடைத்தால் விடாதீர்கள். கீரை, பழமும் வேண்டும். தசைக்குப் பயிற்சியும் வேண்டும்; நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.