பேஸ்புக் பாஸ்வேர்ட் மாத்திறதுக்கு முதல் உள்ளுக்கிருக்கிற ஈமெயில் ஆற்ற எண்டு பாருங்கோ

போன மாசம் சித்தியின்ர பேஸ்புக்கில இருந்து கனடாவில இருக்கிற பெரியம்மாவுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கு, "அக்கா அவசரம், ஆஸ்பத்திரியில நிக்கிறன், கொஞ்சம் காசு போடுங்கோ" எண்டு. சித்தி அவவை ஒருநாளும் வெறும் அக்கா எண்டு கூப்பிடுறேல்ல, பெரியக்கா எண்டுதான், அதில சந்தேகம் வந்து பெரியம்மா வட்ஸ்அப்பில எடுத்திருக்கிறா, எடுத்தா சித்தி விசுவமடுவில வீட்டு முத்தத்தில நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நிக்கிறா. கள்ளனுக்கு முறைப்பேர் தெரியாததால காசு தப்பிச்சுது.

சித்தியின்ர அக்கவுண்ட் எப்பிடிப் போனதெண்டா, தெரிஞ்ச பிள்ளை ஒண்டின்ர பேரில மெசஞ்சரில "இந்த வீடியோவில நிக்கிறது நீங்களோ?" எண்டு ஒரு லிங்க் வந்திருக்கு. தட்டினா பேஸ்புக் மாதிரியே ஒரு பக்கம், திரும்பப் பாஸ்வேர்ட் கேட்டிருக்கு, இவவும் போட்டிட்டா. அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின்ர அக்கவுண்டும் அதுக்கு முதலே போயிட்டுதாம்.

ரெண்டு நாள் குந்தியிருந்து நான்தான் சரிப்பண்ணினன். எங்கட ஆக்களுக்குப் பிரச்சனை வாற இடங்கள் யூரியூப் வீடியோக்களில இல்லை, அதால எழுதி வைக்கிறன். பேஸ்புக் மெனுவை இங்கிலீஸில வச்சிருங்கோ, தமிழில வச்சா எந்த வீடியோவோடயும் ஒத்துப் போகாது, தமிழ்ப்பற்றை வேற இடத்தில காட்டுவம்.

முதலாவது, எந்தப் போனில செய்யிறது

வழமையா பேஸ்புக் பாக்கிற அதே போனில செய்யுங்கோ. நான் என்ர போனில சித்தியின்ர அக்கவுண்டுக்குள்ள போய் ஈமெயிலை மாத்த வெளிக்கிட, இது நீங்கள் வழமையாப் பாவிக்கிற போன் இல்லை, இப்ப இந்த மாற்றம் செய்யேலாது எண்டு ஒரே அறிவிப்பு. அரை நாள் அதோட மல்லுக்கட்டிப்போட்டு சித்தியின்ர போனில செய்ய ஒரு கேள்வியும் கேக்காமல் விட்டுது.

அக்கவுண்டுக்குள்ள போகவே ஏலாமல் கிடக்கிற ஆக்கள் லொகின் பக்கத்தில பாஸ்வேர்ட் மறந்திட்டன் எண்டதைத் தட்டுங்கோ, போன் நம்பருக்குக் கோட் வரும். சித்திக்கு அதுதான் கைகுடுத்தது, கள்ளன் பாஸ்வேர்ட்டை மாத்தினவன் நம்பரை எடுக்க மறந்திட்டான். நம்பரும் போயிட்டுதெண்டா பழைய ஈமெயிலைத் திறந்து பாருங்கோ, உங்கட ஈமெயில் மாத்தப்பட்டிருக்கு எண்டு பேஸ்புக் அதுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கும், நான் மாத்தேல்ல எண்டு சொல்லுறதுக்கான லிங்க் அதுக்குள்ள இருக்கும். ஆனா அனுப்பின அட்ரஸ் உண்மையான பேஸ்புக்கின்ரதோ எண்டு பாத்திட்டுத் தட்டுங்கோ, இதே மாதிரிப் பொய்க் கடிதங்களும் சுத்துது. அதுவும் இல்லாட்டி பேஸ்புக் டொட் கொம் அடிச்சு, ஒரு சாய்ஞ்ச கோடு போட்டு, ஹக்ட் (hacked) எண்டு இங்கிலீஸில அடிச்சா வாற பக்கத்தில தொடங்குங்கோ.

ரெண்டாவது, ஈமெயில் ஆற்ற?

பாஸ்வேர்ட்டை மாத்தினாப் போதும் எண்டுதான் நானும் நினைச்சனான். செற்றிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்ரர், பேர்சனல் டீற்றெயில்ஸ், கொன்ராக்ட் இன்போ எண்டு போய்ப் பாத்தா நானோ சித்தியோ கேள்விப்படாத ஒரு ஜிமெயில் கிடக்கு. விசாரிச்சா, கன வருசத்துக்கு முதல் ஒரு கொமினிகேசன் கடையில அங்க நிண்ட பெடியன்தான் பேஸ்புக் திறந்து குடுத்தவனாம். சித்தியிட்ட ஈமெயில் இல்லை, அவனே ஒண்டைத் திறந்து போட்டிட்டான். அந்த ஜிமெயிலின்ர பாஸ்வேர்ட் ஆருக்குத் தெரியும்? சித்திக்குத் தெரியாது, பெடியன் இப்ப எங்க எண்டும் தெரியாது.

வன்னியில இது கன பேருக்கு இருக்கும். 2009க்குப் பிறகு திரும்பி வந்து குடியேறின காலத்தில போனும் புதுசு இன்ரநெற்றும் புதுசு, கடையில காசு குடுத்து அக்கவுண்ட் திறந்தவை எத்தினை பேர். அந்தப் பெடியன் நல்லவனாவே இருக்கட்டும், ஆனா அந்த ஜிமெயில் ஆற்ற கையில இருக்கோ அவர் பாஸ்வேர்ட் மறந்திட்டன் எண்டு ஒருக்காத் தட்டினாக் காணும், நீங்கள் இண்டைக்கு வச்ச புதுப் பாஸ்வேர்ட் குப்பை. வீட்டுச் சாவியைப் புதுசாச் செய்துபோட்டு பின்கதவைத் திறந்து விட்ட மாதிரி.

அதால முதல் உங்கட பேரில, உங்கட கையால ஒரு ஜிமெயில் திறந்து அதுக்குப் பேஸ்புக்கில வைக்காத வேற பாஸ்வேர்ட் போடுங்கோ. பிறகு மேல சொன்ன இடத்தில புது ஈமெயிலைச் சேர்த்து, வாற கோட்டைப் போட்டு உறுதிப்படுத்தினதுக்குப் பிறகுதான் பழசை அழிக்க வேணும். பழசை முதல் அழிக்க வெளிக்கிடாதேங்கோ.

போன் நம்பரும் இப்பிடித்தான். எங்கட ஆக்கள் டேற்றா பக்கேஜுக்காக மாசத்துக்கு ஒரு சிம் மாத்துவினம், பழைய சிம் ரீலோட் இல்லாமல் செத்துப்போகும், கொஞ்சக் காலத்தால அந்த நம்பர் வேற ஆருக்கோ போகும், உங்கட பேஸ்புக் கோட்டும் அவருக்குத்தான் போகும். செத்த நம்பரை அண்டைக்கே எடுத்து விடுங்கோ.

மூண்டாவது, பாஸ்வேர்ட்

இது சின்ன வேலை. அக்கவுண்ட்ஸ் சென்ரருக்குள்ள பாஸ்வேர்ட் அன்ட் செக்கியூரிற்றி, அதுக்குள்ள சேஞ்ச் பாஸ்வேர்ட். மற்றப் போன்களில இருந்து வெளியேத்தவோ எண்டு ஒரு பெட்டி இருக்கும், அதில கட்டாயம் சரி போடுங்கோ, இல்லாட்டி கள்ளன் உள்ளுக்கயே இருப்பான். பிறகு லொகின் ஆகியிருக்கிற இடங்களைக் காட்டுற பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ. அதில ஊர்ப்பேர் சரியா வராது, கிளிநொச்சியில இருந்தாலும் கொழும்பு எண்டு காட்டும், அதைப் பாத்துப் பயப்பிட வேண்டாம், போன் மொடலைப் பாருங்கோ.

என்ன பாஸ்வேர்ட் வைக்கிறது? பிள்ளையின்ர பேரும் பிறந்த வருசமும் வேண்டாம், அது உங்கட பேர்த்டே படத்துக்குக் கீழயே கிடக்கு. ஒண்டோடொண்டு சம்மந்தமில்லாத நாலு தமிழ்ச் சொல்லை இங்கிலீஸ் எழுத்தில அடிச்சு நடுவில ஒரு நம்பர் போடுங்கோ, முருங்கை சைக்கிள் 47 பால்மா வேலி எண்ட மாதிரி (இதையே வைக்காதேங்கோ, இனி இது ஊருக்கே தெரியும்). நீளமா இருந்தாத்தான் பலம், அற் குறியும் டொலர் குறியும் போட்ட ஆறெழுத்தை விட இது எவ்வளவோ மேல். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ எண்டு சொல்லுறவையின்ர கதை எனக்குச் சரிவராது, அப்பிடி மாத்தச் சொன்னா ஆக்கள் கடைசி நம்பரை மட்டும்தான் கூட்டுவினம். அமெரிக்காவில இதுக்கு விதி எழுதுற நிஸ்ற் எண்ட நிறுவனமே 2017ல சும்மா சும்மா மாத்தச் சொல்லாதேங்கோ எண்டு எழுதிப்போட்டுது. களவு போனா மாத்துங்கோ, சந்தேகம் வந்தா மாத்துங்கோ.

ஞாபகம் வைக்க எனக்கு பிற்வோர்டன் எண்ட, பாஸ்வேர்ட்டுகளைப் பூட்டி வைக்கிற அப், அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை, போனிலயும் லப்ரொப்பிலயும் வேலை செய்யும். சித்திக்கு ஒரு கொப்பி. எழுதி வைக்கக் கூடாதெண்டு சொல்லுவினம், ஆனா நைஜீரியாவில இருக்கிற கள்ளன் விசுவமடுவுக்கு வந்து அலுமாரியைத் திறக்க மாட்டான். குரோம் சேவ் பண்ணவோ எண்டு கேக்கிறதுக்கு வீட்டில எல்லாரும் ஒரே போனைப் பாவிக்கிற இடத்தில ஓம் சொல்லாதேங்கோ.

நாலாவது, ரெண்டாம் பூட்டு (நான் அழுத இடம்)

அதே பக்கத்தில ரூ பக்ரர் ஓதென்ரிகேசன் எண்டு இருக்கும். பாஸ்வேர்ட் தெரிஞ்சவனும் இன்னொரு கோட் இல்லாமல் உள்ளுக்க வரேலாது. எஸ்எம்எஸ்ஸில வாறது ஒண்டு, போனுக்குள்ளயே கோட்டை உருவாக்கிற ஓதென்ரிகேற்றர் அப்பில வாறது ஒண்டு. நான் அப் பக்கம். வயலுக்க நிண்டா எங்கட பக்கம் சிக்னல் ஒரு கோடுதான், எஸ்எம்எஸ் வந்து சேரக்குள்ள கோட் செத்துப்போகும், அப்புக்கு சிக்னலே தேவையில்லை. கூகிள் ஓதென்ரிகேற்றரைத்தான் போட்டுக் குடுத்தனான்.

எல்லாம் சரியாச் செய்து கோட்டை அடிச்சா பிழை எண்டுது. திரும்ப அடிச்சா பிழை. அப்பை அழிச்சுத் திரும்பப் போட்டன், பிழை. மூண்டு மணித்தியாலம். சித்தி தேத்தண்ணி தந்து தந்து களைச்சிட்டா. கடைசியா அவவே சொன்னா, இந்தப் போன் விசர்ப் போன், பின்னேரம் அஞ்சு மணிக்கு வாற மெசேஜுக்குப் பன்ரண்டரை எண்டு காட்டும், சுவிஸ் போன் எல்லே எண்டு. அப்பதான் மண்டையில அடிச்சுது.

சித்தப்பாவின்ர தம்பி சுவிஸில இருந்து வரேக்க கொண்டுவந்து குடுத்த போன் அது. இஞ்ச வந்ததும் நேரம் பிழை எண்டு ஆரோ மணிக்கூட்டைக் கையால முன்னுக்குத் தள்ளி வச்சிட்டினம், ஆனா ரைம் சோன் சுவிஸிலயே நிக்குது. பாக்க நேரம் சரி. ஆனா ஓதென்ரிகேற்றர் கோட் போனின்ர நேரத்தை உலக நேரத்துக்கு மாத்தி அதை வச்சுத்தான் கணக்குப் போடும், 30 செக்கனுக்கு ஒருக்கா மாறும். எங்கட நேரம் உலக நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு, சுவிஸ் மாரியில ஒரு மணித்தியாலம்தான் முன்னுக்கு, அப்ப இந்தப் போன் கணக்குப் போட்டது நாலரை மணித்தியாலத்துக்குப் பிறகு வரவேண்டிய கோட்டை.

செற்றிங்ஸில டேற் அன்ட் ரைமுக்குப் போய் நேரம், ரைம் சோன் ரெண்டையும் ஓட்டோமற்றிக்கில விடுங்கோ. கொழும்பு எண்டு வரவேணும். அடுத்த கோட் முதல் தரமே ஏத்துக்கொண்டுது. வெளிநாட்டில இருந்து வந்த போன் வச்சிருக்கிற ஆக்கள் இதை முதலே பாத்திட்டுத் தொடங்குங்கோ, உங்களுக்கு மூண்டு மணித்தியாலம் மிச்சம்.

அது முடிய ரிக்கவரி கோட்ஸ் எண்டு பத்து நம்பர் எடுக்கலாம், போன் துலைஞ்சா அதுதான் கதி, ஒவ்வொண்டும் ஒருக்காத்தான் வேலை செய்யும். ஸ்கிரீன்சொட் எடுத்து அதே போனில வைக்காதேங்கோ, பேப்பரில எழுதுங்கோ. எங்கட வீடுகளில எல்லாரிட்டயும் ஒரு பை இருக்கு தானே, அடையாள அட்டைக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், காணி பெர்மிட் எல்லாம் பொலித்தீனுக்க சுத்தி, ஓட வேண்டி வந்தா முதல் தூக்கிற பை. சித்தி சொல்லாமலே அதுக்குள்ளதான் கொண்டுபோய் வச்சவ.

பிறகு சேர்த்தது: புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தங்கச்சி கேட்டவ, ஓதென்ரிகேற்றரைப் பேஸ்புக்கோட சேர்க்கேக்க போனில கியூஆர் கட்டம் வருது, அதே போனால அதை எப்பிடி ஸ்கான் பண்ணுறது எண்டு. நான் லப்ரொப்பில கட்டத்தைத் திறந்து செய்ததால எழுத மறந்திட்டன். கட்டத்துக்குக் கிட்ட ஒரு நீளமான எழுத்துக்கூட்டம் இருக்கும், அதைக் கொப்பி பண்ணி, ஓதென்ரிகேற்றரில கூட்டல் குறியைத் தட்டி, செற்றப் கீ எண்டதைத் தெரிவு செய்து அதில ஒட்டுங்கோ. அக்கவுண்ட் பேருக்கு பேஸ்புக் எண்டு போட்டாக் காணும்.

இன்னொண்டும்: மாங்குளத்தில இருந்து ஒரு அண்ணை எழுதினவர், அவருக்குப் போனது பேஸ்புக் இல்லை வட்ஸ்அப். தெரிஞ்ச நம்பரில இருந்து "தவறுதலா உங்களுக்கு ஆறு இலக்கக் கோட் ஒண்டு வந்திட்டுது, அனுப்பி விடுங்கோ" எண்டு கேட்டிருக்கு, அனுப்பிட்டார். அது அவற்ர வட்ஸ்அப்பை வேற போனில திறக்கிற கோட். பெத்த தாய் கேட்டாலும் கோட் அனுப்புறேல்ல. திரும்ப எடுக்கிறதுக்கு, வட்ஸ்அப்பை உங்கட போனில திருப்பிப் போட்டு அதே நம்பரைக் குடுத்தா உங்களுக்குப் புதுக் கோட் வரும், அதைப் போட்டா கள்ளன் வெளியில போயிடுவான். உடன வட்ஸ்அப் செற்றிங்ஸ், அக்கவுண்ட், ரூ ஸ்ரெப் வெரிபிகேசனில ஒரு பின் நம்பர் வையுங்கோ, அதுக்குக் கீழ உங்கட புது ஜிமெயிலையும் குடுங்கோ, கடைக்காரப் பெடியன்ரயை இல்லை.