பெட்டி கட்டுவதற்கு முன் ஐபிஏவைப் படியுங்கள்

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, சிங்கப்பூர் ஸ்கில் டெஸ்ட் அடிச்சு பாஸாயிட்டேன், ஐபிஏ வந்துருச்சு. என்னென்ன எடுத்துட்டு வரணும்?" ஊறுகாய் எத்தனை பாட்டில், கைலி எத்தனை, பிளேனில் எத்தனை கிலோ விடுவான் என்று அடுக்கிக்கொண்டே போனான். அந்த ஐபிஏ கடிதத்தில் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டேன். "அது ஏஜென்ட்கிட்ட இருக்குண்ணே. ஏர்போர்ட்ல வச்சுத் தருவாராம்" என்றான்.

எனக்குப் பகீரென்றது. 2011-ல் என் கைக்கும் அது திருச்சி ஏர்போர்ட்டில்தான் வந்தது. நான் அறந்தாங்கிப் பக்கம். சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்து, வயரிங் இழுத்து, படிப்படியாக இப்போது சேஃப்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒர்க் பர்மிட்டில் கட்டுமானத்துக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வேலைக்கு ஈபியில், அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸில், வருகிறவர்கள் படித்தால் தப்பில்லை, ஆனால் அவர்கள் பாடு வேறு.

ஐபிஏ என்பது பர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு, நம் ஆட்கள் வாயில் எம்ஓஎம், கொடுப்பது. நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அதை உங்களுக்கு அனுப்ப வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. ஆங்கிலத்தோடு தமிழிலும் வரும். கம்பெனி பெயர், என்ன வேலை, மாத பேசிக், நிலையான அலவன்ஸ், பிடித்தம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அது உண்மையா என்று பார்க்க யாருக்கும் காசு தர வேண்டாம். எம்ஓஎம் இணையதளத்தில் உங்கள் விண்ணப்பத்தின் நிலையை நீங்களே பார்க்கலாம். அங்கே உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை என்றால் ஏஜென்ட் கையில் இருப்பது வெறும் பேப்பர்.

சரி, ஏன் இந்தப் பேசிக்கைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று சொல்கிறேன். இங்கே நம் சம்பளத்தில் பெரிய பங்கு ஓடியில், அதாவது ஓவர்டைமில்தான் வரும். ஓடிக்கு மணிக் கூலி பேசிக்கை வைத்துத்தான் கணக்கு. பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வருகிற 2288-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கான கூலி. ஓடிக்கு அதில் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். எனக்கு ஐபிஏவில் பேசிக் 800 டாலர். வந்து இறங்கிய மூன்றாம் நாள் ஆபீசில் ஒரு தாளை நீட்டினார்கள். நாள் சம்பளம் 18 டாலர், மாதம் 26 நாள், ஆக 468. "எல்லாருக்கும் இதுதான், கையெழுத்துப் போடு." போட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 800 பேசிக் என்றால் ஓடி மணிக்கு 6 டாலர் 29 காசு. 468 என்றால் 3 டாலர் 68 காசு. மாதம் 60 மணி நேரம் ஓடி பார்க்கிறவனுக்கு அதில் மட்டும் 157 டாலர் போச்சு. பேசிக்கில் குறைந்த 332 தனி. ஒரு கையெழுத்தின் விலை மாதம் 489 டாலர். ஐபிஏவில் போட்ட சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், எம்ஓஎம்முக்கும் தெரிவிக்க வேண்டும். அதனால்தான் அந்தத் தாளை அவ்வளவு அவசரமாக நீட்டுகிறார்கள். "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லுங்கள். அன்று எனக்கு அந்த ஒரு வரியைச் சொல்லித் தர ஆள் இல்லை.

அடுத்தது கடன். நான் ஏஜென்டுக்குக் கொடுத்தது 3 லட்சம், ரெண்டு வட்டிக்கு வாங்கியது. மாதம் வட்டி மட்டும் 6000. சாப்பாடு, போன் எல்லாம் போக 400 டாலர் அனுப்புவேன். அன்றைய விலைக்கு 14,800 ரூபாய் சொச்சம். முழுசாகக் கடனுக்கே கட்டினாலும் அசலும் வட்டியும் அடைய 26 மாதம். என் பர்மிட் 2 வருடம், அதாவது 24 மாதம். பர்மிட் முடிந்தும் கடன் முடியவில்லை. அந்த இரண்டு வருடமும் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்த்தான் வீட்டை ஓட்டினார். நீங்களும் கொடுக்கப் போகிற தொகை, வட்டி, மாதம் அனுப்ப முடிகிற பணம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எத்தனை மாதம் வருகிறது என்று பாருங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் போக வேண்டாம் என்பேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். யார் பதிவு பெற்றவர் என்பது இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட் ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வாங்கலாம். டீக்கடையில் வைத்து லட்சக்கணக்கில் ரொக்கம் கேட்கிறவர்கள் இந்த இரண்டிலும் வரமாட்டார்கள். கொடுத்தே தீருவேன் என்றால் வங்கி வழியாகக் கொடுங்கள், தடயமாவது மிஞ்சும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே என்ன அறிவிப்பு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மற்றவர்களிடம் போங்கள். வந்த பிறகு "லெவிக்காகப் பிடிக்கிறோம்", "பர்மிட் புதுப்பிக்க இவ்வளவு கொடு" என்று கம்பெனியே கேட்டால் அது குற்றம். லெவி என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டுவது.

லெவி பற்றி இன்னொன்று. 2024 ஜனவரி முதல் கட்டுமானத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு, அடிப்படைத் திறன் உள்ள ஆர்2 ஆளுக்கு மாதம் 900 டாலர், உயர்திறன் ஆர்1 ஆளுக்கு 500 டாலர் கம்பெனி கட்டுகிறது. நீங்கள் ஆர்1 ஆனால் அவர்களுக்கு மாதம் 400 மிச்சம். சம்பளம் கூட்டிக் கேட்கும்போது இந்த எண்ணை வாயில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் கேட்டேன், கிடைத்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தூங்கிக் கழிக்காமல் இன்னொரு ட்ரேட், சேஃப்டி கோர்ஸ் என்று படியுங்கள்.

இப்போது பெட்டி. கைலி, ஊறுகாய் எல்லாம் தேக்காவில், அதாவது இங்குள்ள லிட்டில் இந்தியாவில், கிடைக்கும், சுமக்காதீர்கள். கொண்டு வரவே கூடாததைச் சொல்கிறேன். கசகசா இங்கே தடை. அம்மா ஆசையாக அரைத்துக் கொடுக்கிற கறி மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மெல்லுகிற புகையிலை, புகையிலை கலந்த பான் பாக்கெட், வேப் என்கிற மின் சிகரெட் மூன்றும் தடை. "என் மச்சானுக்கு இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துடுப்பா" என்று யார் நீட்டினாலும், அவர் மாமாவே ஆனாலும், வாங்காதீர்கள். போதைப்பொருளுக்கு இந்த ஊரில் தூக்கு வரைக்கும் தண்டனை உண்டு. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பதை நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். ஐபிஏ, பாஸ்போர்ட், சர்டிபிகேட் மூன்றையும் படம் எடுத்து வீட்டில் ஒருவர் போனில் போட்டு வையுங்கள். பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்க வேண்டும், கம்பெனி வாங்கிப் பூட்டி வைக்க முடியாது.

வந்த முதல் நாட்கள் மெடிக்கல், வகுப்பு, சேஃப்டி கோர்ஸ் என்று ஓடும். வகுப்பு தமிழிலும் நடக்கும். பின் பெஞ்சில் தூங்காமல் கேளுங்கள். ரயில் நிலையப் பெயரெல்லாம் தமிழில் இருப்பதைப் பார்த்து நம் ஊர் மாதிரிதான் என்று தோன்றும். சைட்டில் அப்படி இல்லை. சீனர், வங்காளி, மியான்மர்க்காரர் எல்லோரோடும் "கேன்" (முடியும்), "கேனாட்" (முடியாது) என்ற இரண்டு சொல்லில் பாதி நாள் ஓடிவிடும். புரியாததற்கு மட்டும் "கேன்" சொல்லாதீர்கள். உயரத்தில் நிற்கும்போது அது உயிர் விஷயம்.

சாப்பாடுதான் எல்லோரையும் முதலில் உடைப்பது. கேட்டரிங்கில் மதியச் சோறும் விடியுமுன்பே டாமுக்கு, நாம் தங்குகிற விடுதிக்கு, வந்துவிடும். அதை லாரியில் தூக்கிப்போட்டு, வெயிலில் தொங்கவிட்டு, 12 மணிக்குப் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும். மதியத்துக்குக் காரக்குழம்பு, வத்தக்குழம்பு மாதிரி தாங்குகிறதாகக் கேளுங்கள். பருப்பும் தேங்காயும் வேண்டாம். முடிந்தால் நான்கு பேர் சேர்ந்து சமையல் செட்டு போடுங்கள். எங்கள் செட்டில் பாத்திரம் கழுவுகிற முறைக்காக நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தினமும் எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எப்போது முடிந்தது, எந்த சைட், சூப்பர்வைசர் யார் என்று இரவு படுக்கும் முன் எழுதுங்கள். என்னுடையது அட்டை கிழிந்து, சிமெண்டுக் கறையோடு இன்னும் பெட்டியில் இருக்கிறது. 2018-ல் நான் இருந்த கம்பெனி மூன்று மாதம் சம்பளம் இழுத்தடித்தது. டைம் கார்டு காணோம் என்றார்கள். நான் நோட்டை எடுத்து வைத்தேன். "14, மழை, 3 மணிக்கு நிறுத்தம்" என்று எழுதியிருந்த வரியைப் பார்த்த பிறகு, நோட்டை நேற்று உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. முழுசாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி கிடைத்தது.

சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள், ஓடி 14 நாளுக்குள் வர வேண்டும். சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். வராவிட்டால் டாடெம் என்கிற முத்தரப்பு அமைப்பில் புகார் செய்யலாம். வேலையில் இருந்தால் ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டிருந்தால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். முதலாளி பாவம், அடுத்த மாதம் தருவார் என்று காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்கள் என் அறையிலேயே இருந்தார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற அமைப்புகளான எம்டபிள்யூசி, டிடபிள்யூசி2, ஹோம் மூன்றில் எதை அணுகினாலும் வழி சொல்வார்கள்.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால் ஓடி ஒளியாதீர்கள். பர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், கட்டுமானத்தில் இருப்பவர் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அந்தத் தேதிகளைப் போனில் அலாரம் வையுங்கள். ஊருக்குப் போய் மறுபடி ஏஜென்டுக்கு அழ வேண்டியதில்லை.

வேலையில் அடிபட்டால் அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லி டாக்டரிடம் போங்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள். "ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று கூட வருகிற ஆள் காதில் ஓதுவார். அப்படிச் சொன்னால் நஷ்டஈடு சிக்கலாகிவிடும். உண்மையைச் சொன்னால், தப்பு யார் மேல் என்று பார்க்காமலே மருத்துவச் செலவும் லீவுச் சம்பளமும் முதலாளி தர வேண்டும்.

ஊருக்கு அனுப்பும் பணத்தை உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் கைமாற்றாக அனுப்புகிறவர்களிடம், போடாதீர்கள். ரேட் கொஞ்சம் கூட வருவது உண்மைதான், ஆனால் ரசீது கிடையாது, தொலைந்தால் கேட்க முடியாது, சட்டப்படியும் தப்பு. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள், அதன் வட்டிக்கு ஊரில் வரி இல்லை. பர்மிட்காரர்களுக்கு இங்கே சிபிஎஃப் என்கிற சேமநிதி கிடையாது. எத்தனை வருடம் உழைத்தாலும் கிளம்பும்போது கையில் இருப்பது நீங்கள் சேர்த்தது மட்டும்தான்.

ஞாயிறு தேக்காவுக்குப் போங்கள், வீரமாகாளியம்மன் கோயிலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். தேக்காவில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. 2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது.

நேற்று ராத்திரி சித்தி மகன் ஐபிஏவைப் படம் எடுத்து அனுப்பினான். விடாமல் நச்சரித்து ஏஜென்டிடம் வாங்கியிருக்கிறான். பேசிக் 600 என்று இருக்கிறது. வாயால் சொன்னது 800. ஓடி மணிக்கு 4 டாலர் 72 காசு வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். இன்னும் பணம் கட்டவில்லையாம், காலையில் போய்க் கேட்கிறேன் என்றிருக்கிறான்.