மலேசியாவில் இருந்துகொண்டு நம்மூர் கம்பெனி வேலையைச் சட்டப்படி பார்ப்பது எப்படி

2023 டிசம்பர் 1 முதல் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா எடுக்காமலேயே மலேசியாவுக்குள் போய் 30 நாள் தங்கலாம். இது வந்ததிலிருந்து, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, ஒரு மாதம் அங்கிருந்து வேலை பார்த்துவிட்டு, தாய்லாந்து எல்லையை ஒருமுறை தாண்டித் திரும்பி வந்து இன்னொரு மாதம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த 30 நாள் சுற்றிப் பார்க்கவும் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் கொடுக்கப்படுவது. மூன்றாவது தடவை உள்ளே வரும்போது அதிகாரி ஒருவர் "என்ன வேலை, ஏன் இத்தனை தடவை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால் நஷ்டம் விமான டிக்கெட்டோடு முடியாது. பின்னால் கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பிக்கும்போது, எந்த நாட்டிலாவது உங்களை உள்ளே விட மறுத்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருக்கும், அதற்கு ஆமாம் என்று எழுத வேண்டியிருக்கும்.

நேர்வழி இருக்கிறது. டிஇ ரந்தாவ் நோமாட் பாஸ் என்று பெயர். ஊரைவிட்டு வெளியூர் போய்ப் பிழைப்பதை மலாயில் மெரந்தாவ் என்பார்கள், அதிலிருந்து எடுத்த சொல். மலேசிய அரசின் டிஜிட்டல் பொருளாதார நிறுவனமான எம்டெக் 2022 அக்டோபரில் தொடங்கியது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறவரும், சொந்தமாக புராஜெக்ட் எடுத்துச் செய்கிறவரும் 3 மாதம் முதல் 12 மாதம் வரை தங்கலாம், பிறகு இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். கட்டணம் உங்களுக்கு 1,000 ரிங்கிட், கூட வரும் குடும்பத்தாருக்கு ஆளுக்கு 500. மலேசியக் கம்பெனியில் வேலைக்குச் சேர இது இடம் தராது, அதற்கு வேறு பாஸ். விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில்தான், ஊரில் இருந்தபடியே போடலாம், நடுவில் ஏஜென்ட் யாரும் தேவையில்லை.

முதல் கேள்வி சம்பளம். ஐடி, டிஜிட்டல் துறை வேலை என்றால் ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும், அதாவது 20 லட்சம் ரூபாய்க்கு மேல். 2024-இல் மற்ற துறையினருக்கும் கதவைத் திறந்தார்கள், ஆனால் அவர்களுக்கு 60,000 டாலர். இங்கே நம் ஆட்கள் வழுக்கி விழுவது சிடிசி என்ற எண்ணில். ஆஃபர் லெட்டரில் 22 லட்சம் என்று போட்டிருக்கும், அதற்குள் கிராஜுவிட்டி, கம்பெனி கட்டும் பிஎஃப், வந்தால் வரும் வேரியபிள் பே எல்லாம் அடங்கியிருக்கும். கோப்பைப் பார்ப்பவர் கையில் இருக்கப்போவது மூன்று மாத பே ஸ்லிப்பும் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும். மாதம் 2,000 டாலர் என்பது அந்தக் காகிதங்களில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவு வராதவர்கள், ரிமோட்டாக வேலை செய்கிறவர்களுக்கும் தாய்லாந்து தரும் டிடிவி விசாவைப் பார்க்கலாம். 2024 ஜூலையில் வந்தது, ஐந்து வருடம் செல்லும், ஒரு தடவைக்கு 180 நாள் தங்கலாம், பேங்க்கில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்ட வேண்டும்.

சரி, சம்பளம் இருக்கிறது. அடுத்து வருவது பெயர், இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள், ஏனென்றால் இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி, வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் மு. சரவணன். பேங்க்கில் சரவணன் எம். பான் கார்டில் சரவணன் முருகேசன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது என்பதால் அப்பா பெயரை விரித்து, அதையே குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டிருப்பார்கள். ஆபீஸ் பே ஸ்லிப்பில் அது தலைகீழாகி முருகேசன் சரவணன் என்று வரும். நமக்கு இது ஒரே ஆள். கோலாலம்பூரில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுகிறவருக்கு இது நான்கு பேர். என் விண்ணப்பம் முதலில் நின்றது இதில்தான், சம்பளம் வாங்கும் ஆளும் பாஸ்போர்ட் ஆளும் ஒருவர்தானா என்று விளக்கம் கேட்டார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, எழுத்துக்கு எழுத்து, மாற்றிக்கொள்ளுங்கள். எச்ஆரிடம் சொன்னால் அடுத்த மாத பே ஸ்லிப்பில்தான் மாறும், உங்களுக்கோ மூன்று மாத ஸ்லிப் வேண்டும், அப்படியென்றால் விண்ணப்பிக்கும் முன் நான்கு மாத அவகாசத்தோடு இந்த வேலையைத் தொடங்க வேண்டும். பேங்க்கில் கேஒய்சி புதுப்பித்தால் சீக்கிரம் மாறிவிடும். எப்படியும் மாற்ற முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் ஒரு அஃபிடவிட் எழுதி நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கி இணையுங்கள். மனைவியோ கணவரோ கூட வருகிறார் என்றால் பதிவு அலுவலகத்துத் திருமணச் சான்றிதழ் வேண்டும், கோயிலில் கொடுத்த ரசீது எடுபடாது.

பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே அதில் ஈசிஆர், அதாவது வேலைக்கு வெளிநாடு போகும் முன் குடியகல்வுச் சோதனை தேவை, என்று அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தாவது பாஸ் செய்த சான்று கொடுக்காமல் பாஸ்போர்ட் எடுத்த பலருக்கு இது இருக்கும், அவர்களுக்கே தெரியாது. வேலைக்காகப் போகும் ஈசிஆர் பாஸ்போர்ட்காரர்கள் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் மலேசியாவும் இருக்கிறது. அது இல்லாமல் போனால் நம்மூர் விமான நிலையத்தின் குடிநுழைவு கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பத்தாவது சான்றிதழையோ டிகிரியையோ காட்டி முன்கூட்டியே மறுவெளியீடு வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இனி கம்பெனி. பாஸ் கிடைப்பதைவிட இது கடினம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். வொர்க் ஃப்ரம் ஹோம் என்று பாலிசியில் எழுதியிருந்தால் அந்த ஹோம் இந்தியாவுக்குள் இருப்பது என்றுதான் அர்த்தம். மேனேஜர் வாய்வார்த்தையாக "போயிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் போனார், மூன்றாவது நாள் வெளிநாட்டிலிருந்து லாகின் வருகிறது என்று செக்யூரிட்டி டீம் அவர் கணக்கை முடக்கியது, மேனேஜர் எனக்கு எதுவும் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். கம்பெனி தயங்குவதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. ஊழியர் ஒருவர் வெளிநாட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் கம்பெனிக்கே அங்கே வரிப் பொறுப்பு வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று, கிளையன்ட் டேட்டா நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற ஒப்பந்தம் இன்னொன்று. அதை நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள், எச்ஆரோடு நிறுத்தாமல் லீகல், செக்யூரிட்டி இரண்டு பேரிடமும் மெயிலில் சம்மதம் வாங்குங்கள்.

அப்புறம் கடிதம். லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் வைத்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், பதவி, சேர்ந்த தேதி, ஆண்டுச் சம்பளம் இவற்றோடு, இவருடைய வேலையை முழுக்க ரிமோட்டாகச் செய்ய முடியும், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மலேசியாவில் இருந்து வேலை செய்ய கம்பெனி சம்மதிக்கிறது, சம்பளம் தொடர்ந்து இந்தியாவிலிருந்தே வரும் என்று தெளிவாக இருக்க வேண்டும். எச்ஆர் அனுப்பும் வழக்கமான வேலைச் சான்றில் கடைசி மூன்று விஷயமும் இருக்காது. வாசகத்தை நீங்களே டைப் செய்து கொடுங்கள், அவர்களுக்கும் வேலை மிச்சம். ஃப்ரீலான்ஸர் என்றால் இந்தக் கடிதத்தின் இடத்தில் கிளையன்ட் ஒப்பந்தங்கள், அவையும் மூன்று மாதத்துக்கு மேல் ஓடுவதாக இருக்க வேண்டும். மலேசியாவில் செல்லுகிற மெடிக்கல் இன்சூரன்ஸ் ஒன்றும் எடுத்து இணைக்க வேண்டும்.

வரி விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. சம்பளம் சென்னை பேங்க்குக்குத்தானே வருகிறது, மலேசியாவுக்கு எதற்கு வரி என்று நினைக்கிறார்கள். சம்பள வேலையில் வரிச்சட்டம் முதலில் பார்ப்பது எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தீர்கள் என்பதை. மலேசியாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் அங்கே வரிக்கான குடியிருப்பாளர், படிப்படியான விகிதத்தில் வரி. அதற்குக் குறைந்தால் குடியிருப்பாளர் அல்லாதவர், அவர்களுக்கு ஒரே விகிதமாக 30 சதவீதம். இந்தியாவிலோ கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்திலும் முழு வரி கட்டாமல் இருக்க இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் அது தானாக வந்து உதவாது, நாள் கணக்கும் சான்றும் காட்டிக் கேட்டுப் பெற வேண்டும். வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்புகிறவருக்கு, குடியிருப்பாளரா என்று நாள் எண்ணுவதில் இந்திய வரிச்சட்டம் தரும் சலுகை, இந்தியக் கம்பெனியிலேயே தொடரும் உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டர்தான் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு அவரிடம் போகாதீர்கள், போடும் முன் போங்கள், கிளம்பும் தேதியை ஒரு மாதம் தள்ளினாலே கணக்கு மாறக்கூடும். போர்டிங் பாஸ்களைப் பத்திரமாக வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் சின்னச் சின்ன வேலைகள். ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள், பேங்க் ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். விமானம் ஏறும் முன்பே ரோமிங் ஆன் செய்து, அங்கே இறங்கியதும் ஒரு எஸ்எம்எஸ் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டாக் என்ற வருகை அட்டையை மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். அங்கே பிளக் பிரிட்டிஷ் பாணி, தட்டையான மூன்று முள், அடாப்டர் இரண்டு வாங்கி வையுங்கள். நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். காலை 10 மணி மீட்டிங் அங்கே பகல் பன்னிரண்டரைக்கு வரும். காலை முழுக்க உங்களுக்கு, அது பெரிய வரம், ஆனால் வேலை முடிய இரவு ஒன்பதரை ஆகும். அமெரிக்க கிளையன்ட் கால் இருப்பவர்கள் இன்னும் இரண்டரை மணி நேரம் தூக்கம் போகும் என்பதை முதலிலேயே யோசியுங்கள்.

வீட்டுக்கு முதல் இரண்டு வாரம் ஹோட்டலோ குறுகிய கால வாடகையோ போதும், நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். நான் பினாங்கில் பார்த்த வீட்டில் ஏஜென்ட் தமிழர், லிஃப்ட்டில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "தம்பி, ரெண்டு மாசம் டெபாசிட், அரை மாசம் கரண்டு தண்ணிக்கு, முதல் மாச வாடகை முன்னாடியே. எல்லாத்துக்கும் ரசீது கேட்டு வாங்கிக்குங்க." அங்கே அதுதான் நடைமுறை, ஆகவே 2,000 ரிங்கிட் வீட்டுக்கு முதல் நாளே 7,000 கையில் வேண்டும். வீட்டுக்குள் போனதும் நான் முதலில் செய்தது, மேசை போட நினைத்த மூலையில் நின்று வைஃபை வேகத்தைச் சோதித்தது. ஹாலில் பறந்த நெட் அந்த மூலையில் பாதிகூட வரவில்லை, மேசையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன். வாடகை ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் டியூட்டி கட்டி முத்திரை வாங்குங்கள், முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை டெபாசிட் தகராறில் சான்றாகக் காட்ட முடியாது.

நீட்டிக்க நினைத்தால் பாஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கம்பெனிக் கடிதத்தைப் புதிய தேதியோடு கேளுங்கள், பாஸ்போர்ட்டில் போதுமான காலம் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மொத்தம் 24 மாதம்தான், இது நிரந்தரக் குடியிருப்புக்கான வழி அல்ல. பிள்ளைகளின் பள்ளி, ஊரில் வாடகைக்கு விட்ட வீடு இதையெல்லாம் அந்த 24 மாதக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள்.