இரண்டு மணி நேரமா, நான்கு மணி நேரமா? தாதிமை ஆய்வுக் கட்டுரையை எடைபோடப் பழகுவோம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்வாசலில் வாரம் ஒருநாள் சாயங்காலம் தாதிமை படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்து உட்காருவார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து கிரிட்டிக், அதான் அதை எடைபோட்டு ஒரு விமர்சனம், எழுதச் சொல்லிட்டாங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." அவர்கள் எழுதிக் கொண்டு வருவதைப் பார்த்தால், கட்டுரைச் சுருக்கத்தையே வேறு வார்த்தைகளில் எழுதி, கடைசியில் 'இந்த ஆய்வு பயனுள்ளது' என்று முடித்திருப்பார்கள். என்னைக் கேட்டால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கட்டுரையை நம்பி, நாளைக்கு என் நோயாளிக்குச் செய்யும் ஒரு வேலையை மாற்றலாமா?

ஒரு நிஜ ஆய்வை வைத்தே பழகுவோம். படுக்கையாகக் கிடப்பவர்களைப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றுதானே நமக்குச் சொல்லித் தந்தார்கள்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, 2 மணி, 3 மணி, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பி, மூன்று வாரம் பார்த்தார்கள். 2013இல் வெளியானது, 'டர்ன்' ஆய்வு என்பார்கள். மூன்று குழுவுக்கும் இடையே படுக்கைப்புண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பது முடிவு. ஆள் பற்றாத இரவு ஷிப்டில் நிற்கும் ஒருவருக்கு இது எவ்வளவு ஆசை காட்டும் முடிவு என்று யோசித்துப் பாருங்கள்!

முதல் படி: சுருக்கத்தை மட்டும் படித்து நான்கு வரி எழுதுங்கள்

யாருக்கு, என்ன செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள். வகுப்பில் பைக்கோ என்று சொல்வது இதுதான். நான்கில் ஒன்றை எழுத முடியவில்லை என்றால் அதுவே உங்கள் கிரிட்டிக்கின் முதல் குறிப்பு. எழுதி முடித்ததும் முடிவுரையைத் தொடாமல் நேராக 'செய்முறை' பகுதிக்குப் போய்விடுங்கள். முடிவுரையை முதலில் படித்துவிட்டால் மனசு அதற்குச் சாதகமாகவே மீதியைப் படிக்கும்.

இரண்டாம் படி: யார் உள்ளே, யார் வெளியே

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். படுக்கைப்புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவை உங்களுக்குத் தெரியும்: ஆறு அம்சம், 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம். இந்த ஆய்வில் 10 முதல் 14 வரை இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். 9 அல்லது அதற்குக் கீழே போனவர், அதாவது நாம் ரொம்பப் பயப்படுகிற அந்த நோயாளி, இதில் இல்லவே இல்லை. ஏற்கெனவே புண் இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களின் சராசரி வயது 85, பெரும்பாலோர் வெள்ளையர்.

கடைசியாகச் சொன்னது சும்மா ஒரு விவரம் என்று தாண்டிவிடாதீர்கள். படுக்கைப்புண்ணின் முதல் நிலை என்பது அழுத்தினாலும் மறையாத சிவப்பு. நம் ஆட்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதா, சுற்றுப்புறத்தைவிட இறுகியோ கொளகொளவென்றோ இருக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும். ஆயுசு முழுக்க வெயிலில் கித்தா மரம் சீவிய ஒரு பாட்டிக்கு, புண் 'வரவில்லை' என்பதும் 'கண்ணுக்குப் படவில்லை' என்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் படி: எப்படிப் பிரித்தார்கள், யார் பார்த்தார்கள்

குலுக்கல் முறையில் பிரித்தார்கள், ஆபத்து அளவும் குழுக்களில் சமமாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். புண் இருக்கிறதா என்று பார்த்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. இது பெரிய பலம், நல்லதையும் எழுதினால்தான் அது முழு கிரிட்டிக்.

எல்லாக் கேள்விக்கும் குலுக்கல் முறை சரிப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்கத் தாதிமை ஆய்வாளர் லிண்டா எய்கனும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளைப் பார்த்தது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7% கூடுவதாகக் கண்டார்கள். நோயாளிகளைக் குலுக்கிப் போட்டு இதைச் சோதிக்க முடியுமா? முடியாது, அதனால் உள்ளதை உள்ளபடி பார்த்து எண்ணினார்கள். எழுதும்போது 'தாதி குறைவதால் இறக்கிறார்கள்' என்று போடாமல் 'தொடர்பு காணப்பட்டது' என்று போட்டு, மருத்துவமனையின் அளவு, நோயாளியின் நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்தார்களா என்று பாருங்கள். (எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆய்வில் நம்பிக்கை அதிகம்.)

நான்காம் படி: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

டர்ன் ஆய்வில் புண் வந்தது 2 மணிக் குழுவில் 2.5%, 3 மணியில் 0.6%, 4 மணியில் 3.1%. பார்த்தவுடன் '3 மணி நேரம்தான் சிறந்தது' என்று ஒரு தங்கச்சி எழுதிவிட்டார். ஆட்களாக மாற்றிப் பாருங்கள்: 321 பேரில் 8, 326 பேரில் 2, 295 பேரில் 9. மொத்தமே 19 பேர்! 4 மணிக் குழுவில் இன்னும் மூன்றே பேருக்கு வந்திருந்தால் அது 4% தாண்டியிருக்கும். பி மதிப்பு 0.68 என்பதற்கு அர்த்தம் இதுதான்: உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர 68% வாய்ப்பு உண்டு. ஆகவே மூன்றும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது என்றும் எழுதக் கூடாது. வித்தியாசம் கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: மெத்தையைத் தேடுங்கள்

எந்தக் கட்டுரையிலும் சிகிச்சைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு பொருளோ ஓர் ஆளோ இருக்கும். இங்கே அது மெத்தை. எல்லாரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள், ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஊழியர் அதைப் பதிந்தார்கள். இங்கே தோட்டத்திலிருந்து தாமான் வீட்டுக்கு வந்த பல குடும்பங்களில், ஸ்ட்ரோக் வந்த அப்பா நடுவில் பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தையில் கிடக்கிறார், மகள் வேலைக்குப் போய்விடுகிறாள், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு இனிப்புநீரும் இருக்கும். அந்த மகளிடம் போய் 'நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும்மா, ஆராய்ச்சியில் சொல்லியிருக்கிறார்கள்' என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆறாம் படி: எழுதுவது

மூன்று பத்தி போதும். பலம் ஒன்று, பலவீனம் ஒன்று, உங்கள் வார்டுக்கு அல்லது வீட்டுக்குப் பொருந்துமா என்பது ஒன்று. ஒவ்வொரு குறைக்கும் 'அதனால் முடிவு எந்தப் பக்கம் சாயும்' என்று கேட்டு ஒரு வரி சேருங்கள், 'சாம்பிள் சிறியது' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி வரலாம்: "அடர்த்தியான ஃபோம் மெத்தையும் முறையான பதிவும் உள்ள இடத்தில், மிதமான அல்லது அதிக ஆபத்துள்ள முதியவரை 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவதை யோசிக்கலாம், அதோடு தோலை ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரேடன் மதிப்பெண் 9 அல்லது அதற்குக் கீழ் உள்ளவருக்கும், சாதாரண மெத்தையில் வீட்டில் இருப்பவருக்கும் இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை."