ஃபின்லாந்து பாலர் பள்ளியில் ஆசிரியர் பயிற்சி: கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

போன அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஃபின்லாந்தின் தம்பெரே நகரில் ஒரு பைவாகொதியில் (அங்கே பாலர் பள்ளிக்கு அதுதான் பெயர்) ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்தேன். கோவையில் என்னோடு படிக்கும் நான்கு பேர் அடுத்துக் கிளம்புகிறார்கள். ஒரே கேள்விகள் வாட்ஸாப்பில் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே எழுதி வைக்கிறேன். விசா, டிக்கெட் பற்றியெல்லாம் உங்கள் ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள்.

1. போலீஸ் சான்றிதழ்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். குழந்தைகளோடு வேலை என்பதால் என்னிடம் கேட்டார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் பிசிசி (குற்றப் பின்னணி இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ்) விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய். எளிமையான வேலைதான், நான்தான் சொதப்பினேன். தற்போதைய முகவரியாக விடுதியைக் கொடுத்துவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டேன். விசாரிக்க வந்தவர் பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். மூன்று வாரம் போச்சு. அடுத்த ஒரு மாதம் உண்மையில் எங்கே இருப்பீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள்.

2. துணிமணி

குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் உடையை இங்கேயே வாங்கலாம். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் இரண்டையும் அங்கே போய் ‘கிர்ப்புத்தோரி’யில் வாங்குங்கள். பழைய பொருள் விற்கும் கடைதான், ஆனால் நன்றாகவே இருக்கும். குடை வேண்டாம். இரண்டு கையும் குழந்தைகளுக்குத் தேவைப்படும்.

3. மொழி

பதினைந்து சொல் போதும். துலே (வா), ஓதொத்தா (பொறு), வெஸ்ஸா (கழிப்பறை), பிபோ (குல்லா), லாபசெத் (கையுறை)... மொழிபெயர்ப்புச் செயலி எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகள் நடுவே போனை எடுத்தாலே படம் எடுக்கிறோமோ என்று பார்ப்பார்கள். பாக்கெட்டில் அடங்கும் நோட்டும் பென்சிலும்தான் என் சிபாரிசு. உங்களை டீச்சர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், மூன்று வயதுப் பொடிசு கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது, மூன்றாம் நாள் பழகிவிட்டது.

4. எதெய்னென்

வாசலை ஒட்டிய உடை மாற்றும் இடம். பாடத்திட்டம், வகுப்புக் குறிப்பு எல்லாம் தயாராக எடுத்துப் போன நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். தினமும் இரண்டு வேளை வெளியே போக வேண்டும், மழை பெய்தாலும். மூன்று வயதுக்கு மேல் ஏழு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்பது அங்கே கணக்கு. ஆகவே உங்கள் பங்குக்கு ஏழு பேர்.

வரிசை இதுதான்: முதலில் வெஸ்ஸா. அப்புறம் கம்பளிக் காலுறை, மேல்சட்டை, குராஹௌசுத் என்கிற ரப்பர் கால்சட்டை, பூட்ஸ், கோட்டு, குல்லா, கடைசியில் கையுறை. வெஸ்ஸாவைக் கடைசிக்கு விட்டால் மொத்தத்தையும் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு தடவை பட்டேன், போதும்.

கால்சட்டையை நான் பூட்ஸுக்குள்ளே திணித்துவிட்டேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. அரை மணி நேரத்தில் கால்சட்டையில் வழிந்த மழைநீரெல்லாம் நேராகப் பூட்ஸுக்குள் இறங்கி, ஏழு ஜோடி காலுறையும் சொதசொதவென்று ஆகிவிட்டது. உலர்த்தும் அலமாரி அன்று நிரம்பி வழிந்தது. கால்சட்டை பூட்ஸின் மேல்தான் விழ வேண்டும். அதன் அடியில் ஒரு ரப்பர் பட்டை தொங்கும். அதை பூட்ஸின் பாதத்துக்குக் கீழே, குதிகாலுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் மாட்டுங்கள். அது எதற்கு என்று தெரியாமல் நான் மடித்து உள்ளே விட்டிருந்தேன்!

இன்னொன்று, நீங்கள் மாட்டிவிடாதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் குனிந்து கையை நீட்டினேன். “இத்ஸே!” என்று ஒரு குட்டிப் பெண் கையைத் தட்டிவிட்டாள். ‘நானே’ என்று அர்த்தம். வலது பூட்ஸை இடது காலில் போட்டுக்கொண்டு நான்கு நிமிடம் போராடினாள். பொறுப்பு ஆசிரியை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நானும் அதைத்தான் கற்றுக்கொண்டேன். பட்டை, ஜிப் இரண்டுக்கு மட்டும் கேட்டால் உதவுங்கள்.

5. நீங்கள் நடத்தும் அரை மணி நேரம்

குழந்தைகளுக்கு நீங்களே ஏதாவது நடத்தும் அந்த அரை மணி நேரத்துக்கு, லேமினேட் செய்த அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பருப்புக் கடைந்து, ‘நண்டூருது நரியூருது’ என்று விரல்களை ஏறவிடும் விளையாட்டு போதும். அவரவர் கையிலேயே செய்யச் சொல்லுங்கள். அக்குள் வந்ததும் சிரிப்பதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

பின்சேர்க்கை: சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது என்று கருத்தில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மதியம் குழந்தைகளோடு உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அதனால் போவதற்கு முன்பே மின்னஞ்சலில் சமையலறைக்குச் சொல்லிவிடுங்கள். வியாழக்கிழமை பட்டாணி சூப் வரும். பெயரை நம்பாதீர்கள், வழக்கமாக அதில் பன்றி இறைச்சி இருக்கும். கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள்.