சித்திரை வெயிலும் ஆயிலுக்குக் குளிர்தான்

பங்குனி பிறந்தால் மேட்டுப்பாளையம் டாக்சி ஸ்டேண்டில் ஒரு பேச்சு தானாகக் கிளம்பிவிடும். "வெயில் வந்துவிட்டது, கெட்டி ஆயிலாக ஊற்றிவிடு." மார்கழி வந்ததும் அதே வாய்கள் "ஊட்டியில் உறைபனி விழுகிறது, லேசான ஆயிலுக்கு மாறிவிடு" என்று சொல்லும். இந்தப் பேச்சை நம்பி நானும் சில ஆண்டுகள் பருவத்துக்கு ஒரு டப்பா வாங்கியவன்தான். ஒற்றை கிரேடு ஆயில் (குளிருக்கும் சூட்டுக்கும் தனித்தனி எண் இல்லாமல் ஒரே கெட்டித்தன்மை எண் கொண்டது) ஊற்றிய என் அப்பாவின் காலத்து அம்பாசடருக்கு அந்தப் பேச்சு பொருந்தியது. இன்றைய வண்டிக்குப் பொருந்தாது.

எனக்குப் புத்தி வந்தது ஒரு சிறிய பெட்ரோல் காரால். அதன் கைப்புத்தகத்தில் 5டபிள்யூ-30 ஆயில் என்று இருந்தது. சீசன் நேரம் என்பதால் பட்டறையில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் தலையாட்டினேன். ஊட்டியில் இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் வண்டியைக் கிளப்பினால், டேஷ்போர்டில் ஆயில் விளக்கு வழக்கத்தைவிடத் தாமதமாக அணைந்தது. எஞ்சினின் மேல்பகுதியில் டக்டக் என்ற சத்தம் அடங்க மேலும் சில வினாடிகள். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15-ஐத் தொடவே திணறியது. அது டிசம்பர் கூட இல்லை, மே மாதம்.

டப்பாவில் இருக்கும் எண்களை முதலில் சரியாகப் படித்துவிடுவோம். 'டபிள்யூ' என்பது எடையும் அல்ல, வாட்டும் அல்ல. 'வின்டர்', அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. பின்னால் உள்ள எண், ஆயில் 100 டிகிரிக்குச் சூடாகும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர அளவின்படி 30 என்றால் அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. இரண்டு எண்ணுமே வெளியே அடிக்கும் வெயிலின் டிகிரி அல்ல. "நம் ஊர் 20 டிகிரிக்குக் கீழே போகாது, அதனால் 20டபிள்யூ போதும்" என்று ஒருவர் கணக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணுக்கும் அந்த டிகிரிக்கும் தொடர்பே இல்லை.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். ஓடிச் சூடான எஞ்சினுக்கு ஊரே தெரியாது. தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு ரேடியேட்டர் தண்ணீரை ஏறக்குறைய 90 டிகிரியிலேயே பிடித்து வைக்கிறது. ஆயில் அதை ஒட்டியோ சற்று மேலோ நிற்கும். வெளியே 40 அடித்தாலும் 10 அடித்தாலும் உள்ளே பெரிய மாற்றம் இல்லை. ஆனால் இரவெல்லாம் நின்ற வண்டியின் கதை வேறு. 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் சுமார் ஆறு மடங்கு கெட்டி. 40 டிகிரி என்பது கத்திரி வெயிலில் வேலூரின் நடுப்பகல்! அந்த நேரத்தில் வண்டியைக் கிளப்பினாலும் ஆயிலுக்கு அது குளிர்தான். 20டபிள்யூ-50 அதே 40 டிகிரியில் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். எஞ்சின் தேய்வதில் பெரும் பங்கு இந்தக் கிளப்பும் நேரத்தில்தான். "கோடைக்குக் கெட்டி ஆயில்" என்பதை நான் விட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே, தேர்வு செய்யும்போது நான் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. கைப்புத்தகத்தைத் திறப்பேன். அதில் ஒரே கிரேடு இருந்தால் பேச்சு முடிந்தது. 0டபிள்யூ-20 என்றோ 0டபிள்யூ-16 என்றோ இருந்தால் "தண்ணீர் மாதிரி இருக்கிறதே" என்று பயப்பட வேண்டாம். அந்த எஞ்சினின் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் ஆயில் பம்பும் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதித்திருந்தால் மட்டும் இரண்டு கேள்விகள். வண்டி இரவில் எங்கே உறங்குகிறது? அது முதல் எண்ணை முடிவு செய்யும். எவ்வளவு சுமையோடு, எவ்வளவு நேரம் மலை ஏறுகிறது? அது இரண்டாம் எண்ணை.

ஊட்டிக்குப் பக்கத்தில், உறைபனி விழும் தலைகுந்தாவில் திறந்த வெளியில் நிற்கும் காருக்கு, அனுமதித்தவற்றில் குறைந்த முதல் எண். எட்டுப் பேரும் மேலே மூட்டையுமாக மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு, அனுமதித்தவற்றில் உயர்ந்த இரண்டாம் எண். அங்கே வேகம் குறைவு, எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று குறைவு, சுமை அதிகம். ஆயில் உண்மையில் வேகும் இடம் நெடுஞ்சாலை அல்ல, இந்த ஏற்றம்தான். என் டீசல் சுமோவுக்கு ஆண்டு முழுவதும் 15டபிள்யூ-40 தான். 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிட வேண்டும் என்பது விதி. நீலகிரி அந்தக் குளிரை நெருங்குவதே இல்லை. ஜனவரியில் லடாக் போகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை வேண்டும்.

வயதான எஞ்சின் ஆயிலைக் குடித்தால், புத்தகம் இடம் கொடுத்தால், இரண்டாம் எண்ணில் ஒரு படி ஏறலாம்: 30-இலிருந்து 40. நீலப்புகை வந்தால் எந்த டப்பாவும் காப்பாற்றாது. ஆயில் எரிவதைத் தடுக்கும் பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் போக வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் காருக்கான ஆயிலை ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. எரிபொருள் மிச்சத்துக்காக வழுக்கும் சேர்க்கைகள் கலந்த கார் ஆயில் போட்டால் கிளட்ச் பிடிக்காமல் நழுவலாம். டப்பாவில், இப்படி ஆயிலில் குளிக்கும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று சொல்லும் ஜப்பானியத் தரக்குறியான 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' இருக்கிறதா என்று பாருங்கள்.

மலையில் பருவம் உண்மையில் கெடுப்பது ஆயிலின் கிரேடை அல்ல, அதன் ஆயுளை. கோத்தகிரியில் ஓர் ஆசிரியையின் கார், வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தயிர் போல வெள்ளைப் பசை. குளிரில் எஞ்சின் முழுச்சூடு அடையும் முன்பே அணைப்பதால் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிடுகிறது. அவரிடம், "டீச்சர், வாரம் ஒரு முறை குன்னூர் வரை ஓட்டுங்கள், ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் மாதம் பார்த்து மாற்றுங்கள்" என்றேன். அதோடு ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். குறைந்தால் அது வெறும் ஈரம் அல்ல, தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் கெட்டதாக இருக்கலாம். குறையவில்லை.

இன்னொன்று, ஆயில் அளவு. ஊட்டியில் சரிவில் நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தால் அது பொய்தான் சொல்லும். நான் பெட்ரோல் பங்க்கின் சமதளத்தில் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பேன். டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்கிவிடும்.